எண்ணெய் வண்ணத்தில் அடுக்கடுக்காக ஸ்டில் லைஃப்: கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எண்ணெய் வண்ணத்தில் ஸ்டில் லைஃப், அதாவது பழம், குடம் போல மேஜையில் வைத்த பொருள்களின் ஓவியம், பழகுபவர்களின் கேன்வாஸ்களைத் தொடர்ந்து பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தால் ஒன்று தெளிவாகத் தெரியவரும். வருகிற கோளாறுகள் கொஞ்சம்தான், அவையேதான் திரும்பத் திரும்ப வருகின்றன. இன்னொன்றும் தெரியும். கோளாறு கண்ணில் படுவது மேல் அடுக்கில். அது பிறந்தது பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ள அடுக்கில். மேலே இன்னொரு பூச்சு பூசி மறைத்தால் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கும், அப்புறம் அதே இடத்தில் பழையபடி தலைகாட்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது வழக்கமான மூன்றடுக்கு முறை. முதலில் டர்பன்டைனிலோ மணமில்லாத மினரல் ஸ்பிரிட்டிலோ கரைத்த மெல்லிய அடிப்பூச்சு, பெரும்பாலும் அம்பர் பழுப்பில் அல்லது சாம்பலில். அடுத்து, டியூபிலிருந்து வந்தபடியே நிறங்களை வைக்கும் நடு அடுக்கு. கடைசியில் எண்ணெய் சற்றுக் கூடிய மேல் அடுக்கும், கீழ் நிறம் தெரியும்படி ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சான கிளேஸும். கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம். கீழே சீக்கிரம் காயும் நிறம், மேலே மெதுவாகக் காயும் நிறம். இனி பார்க்கப்போகும் கோளாறுகளில் பல இந்த வரிசை குலைந்ததால் வருபவைதான்.

எதில் கை வைக்கும் முன்பும் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

நகச் சோதனை: வண்ணம் தடிமனாக இருக்கும், யாரும் கவனிக்காத ஒரு மூலையில் நகத்தை லேசாக அழுத்துங்கள். தடம் பதிந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. மேல்தோல் காய்ந்திருப்பதை நம்பி ஏமாறக் கூடாது.

பஞ்சுச் சோதனை: காதுப் பஞ்சுக் குச்சியை மினரல் ஸ்பிரிட்டில் தொட்டு, பிழிந்து, ஓரமாக ஒரு முறை உருட்டுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்த அடுக்கு காயவில்லை, அல்லது அதில் நிறமியைப் பிடித்துவைக்கப் போதுமான எண்ணெய் இல்லை.

## நாள் கணக்கில் காத்தும் காயவில்லை

முதலில் கேன்வாஸ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அலமாரிக்குள், சுவரைப் பார்த்துத் திருப்பி, இருட்டில், ஈரமான அறையில் வைத்த படம் காயாது. வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், நேர்வெயில் படாமல், முகம் வெளியே தெரியும்படி வையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

அதற்குப் பிறகும் ஒட்டினால், எந்த நிறம் ஒட்டுகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

குறிப்பிட்ட நிறங்கள் மட்டும் ஒட்டினால் அது அந்த நிறமியின் குணம். அம்பர், பர்ன்ட் சியன்னா, பிரஷ்யன் நீலம், கோபால்ட் நீலம் மெல்லிய பூச்சில் இரண்டு மூன்று நாளில் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடும். அலிசரின் கிரிம்சன், குவினாக்ரிடோன் சிவப்புகள், ஐவரி பிளாக் ஆகியவை ஒரு வாரத்தைத் தாண்டியும் இழுக்கும். இவற்றைப் பின்னணியின் அடிப்பூச்சில் தாராளமாகப் போட்டிருந்தால் காத்திருப்பது தவிர வழியில்லை. அடுத்த படத்தில் அடிப்பூச்சின் இருட்டுக்கு ஐவரி பிளாக்கை விட்டுவிட்டு, பர்ன்ட் அம்பரையும் அல்ட்ராமரினையும் கலந்துகொள்ளுங்கள். அந்தக் கலவை கறுப்பைவிட உயிரோட்டமாகவும் இருக்கும்.

வெள்ளை கலந்த இடமெல்லாம் ஒட்டினால் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். டைட்டானியம் வெள்ளையைப் பல நிறுவனங்கள் ஆளி விதை எண்ணெயில் அரைக்காமல் சாஃப்ளவர் எண்ணெயிலோ பாப்பி எண்ணெயிலோ அரைக்கின்றன. மஞ்சளாகாமல் இருக்கட்டும் என்பதற்காக. அந்த எண்ணெய்கள் மெதுவாகக் காயும், காய்ந்த பிறகும் உறுதி குறைவு. மேல் அடுக்கில் அவை பரவாயில்லை. அடியில் வேண்டாம்.

படம் முழுக்கவே பிசுபிசுப்பாக, மாதங்கள் கடந்தும் அப்படியே இருந்தால் மீடியம், அதாவது வண்ணத்தோடு கலக்கும் எண்ணெய், அதிகமாகிவிட்டது. மேல் அடுக்கில்கூடச் சேர்க்கும் எண்ணெய் வண்ணத்தின் அளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அந்தப் பிசுபிசுப்பின் மேல் அடுத்த அடுக்கைப் போடாதீர்கள். பாலெட் கத்தியால் வழித்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, அந்தப் பகுதியைத் திரும்ப வரைவதுதான் மலிவான வழி. இனி வேகம் வேண்டுமென்றால், சீக்கிரம் காயும் செயற்கைப் பிசினான அல்கிட் மீடியத்தை முதல் அடுக்கிலிருந்தே பயன்படுத்துங்கள். கீழே மெதுவாகக் காயும் எண்ணெய், மேலே வேகமாகக் காயும் அல்கிட் என்ற அமைப்பு பின்னால் வெடிப்பாக வந்து நிற்கும்.

## காய்ந்ததும் நிறம் செத்துவிட்டது, திட்டுத் திட்டாக மங்கல்

ஈரமாக இருக்கும்போது ஆழமாக மின்னிய பழுப்புப் பின்னணி, காய்ந்ததும் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். பக்கத்தில் சிவப்புப் பழம் மட்டும் பளபளவென்று இருக்கும். இருண்ட நிறங்களிலும் அம்பர்களிலும்தான் இது அதிகம். மேல் அடுக்கின் எண்ணெயைக் கீழ் அடுக்கு உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். நிறம் எங்கும் போய்விடவில்லை.

இதைப் பார்த்துப் பதறி அதே இடத்தில் மறுபடி இருட்டு நிறத்தைப் பூசுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. மங்கிய நிலையில் டோனை, அதாவது நிறத்தின் வெளிச்ச இருட்டு அளவை, எடைபோட்டால் கணக்குத் தப்பும். மங்கல் போனதும் அந்த இடம் தேவைக்கு மேல் கறுத்துக் கிடக்கும். முதலில் உண்மையான நிறம் என்ன என்று பாருங்கள்: சுத்தமான பிரஷ்ஷில் கொஞ்சம் மினரல் ஸ்பிரிட் தொட்டு மங்கிய இடத்தில் தடவினால், அது ஆவியாகும்வரை சரியான டோன் தெரியும்.

அந்த இடம் தொடும் அளவுக்கு நன்றாகக் காய்ந்திருந்தால் எண்ணெய் ஊட்டிவிடலாம். ஆளி விதை எண்ணெயும் மினரல் ஸ்பிரிட்டும் சம அளவு கலந்து, மென்மையான துணியால் மங்கிய இடத்தில் மட்டும் மெல்லத் தேய்த்து, சில நிமிடம் விட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைத்து எடுப்பதுதான் இதில் முக்கியம். மேலே தேங்கிய எண்ணெய் பின்னால் மஞ்சள் தோலாக நிற்கும். இதற்குமேல் அன்றே அடுத்த அடுக்கை வரையலாம், நிறமும் வழுக்கிக்கொண்டு இணக்கமாக உட்காரும்.

இந்த எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போடவே கூடாது. ஆளி விதை எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறி, நெருப்பே வைக்காமல் துணி தீப்பற்றும். வீடுகளே எரிந்திருக்கின்றன. துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

எண்ணெய் ஊட்டியும் ஓரிரு வாரத்தில் மறுபடி மங்குகிறதா? அப்படியென்றால் காரணம் அடித்தளத்தில் இருக்கிறது. கேன்வாஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே எண்ணெய்க் கறை ஊறி வந்திருந்தால் ஜெஸ்ஸோ, அதாவது வரையும் முன் துணியின் மேல் பூசும் வெள்ளை அடித்தளப் பூச்சு, போதவில்லை. எண்ணெய் துணி நாரில் நேரடியாகப் பட்டால் நாளடைவில் நார் இற்றுப்போகும். தொடக்க நிலைப் பயிற்சிப் படம் என்றால் அப்படியே முடித்துவிட்டு, அடுத்த கேன்வாஸுக்கு இன்னும் ஒன்றிரண்டு கோட் ஜெஸ்ஸோ கொடுங்கள். கடையில் வாங்கும் தயார் கேன்வாஸுக்கும் இது பொருந்தும். காக்கவேண்டிய முக்கியமான படமாக இருந்தால் பின்பக்கம் நீங்களாக எதையும் பூசாமல் ஓவியப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

பஞ்சுச் சோதனையில் நிறம் பொடியாக ஏறுகிறது என்றால் கதை வேறு. அடிப்பூச்சில் டர்பன்டைன் மிதமிஞ்சிப் போய்விட்டது, நிறமியைப் பிடித்துக்கொள்ள எண்ணெயே இல்லை. அதன்மேல் கட்டுவது எதுவும் நிலைக்காது. துடைத்து எடுத்துவிட்டு அடிப்பூச்சைத் திரும்பப் போடுங்கள். மெல்லிய பாலின் பதத்துக்கு மேல் கரைக்கவேண்டியதில்லை.

## புது வண்ணம் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரள்கிறது

கிளேஸ் போடும்போது இது வரும். கீழ் அடுக்கு வழவழப்பாக, எண்ணெய்ப் பளபளப்போடு இறுகியிருக்கிறது.

சுலபமான வழியிலிருந்து தொடங்குங்கள். சோப்பில்லாத ஈரத்துணியால் தூசியும் விரல் பிசுக்கும் போகத் துடைத்து, காயவைத்து, மறுபடி முயலுங்கள். சரிவரவில்லையா? துணியில் துளி மினரல் ஸ்பிரிட் தொட்டுக் கீழ் அடுக்கின் பளபளப்பு சற்றுக் குறையும்வரை லேசாகத் தேய்க்கலாம். நறுக்கிய உருளைக்கிழங்கால் தேய்ப்பது பழைய ஓவியர்களின் வழி, அதுவும் வேலை செய்யும், பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அதற்கும் மசியாவிட்டால் மிக நைசான உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல். கீழ் அடுக்கு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், தாள் தண்ணீரில் நனைந்திருக்க வேண்டும். கேட்மியம், ஈயம், கோபால்ட் உள்ள வண்ணங்களின் தூள் மூச்சில் போகக் கூடாது. உலர்த்தேய்ப்பு வேண்டவே வேண்டாம்.

அக்ரிலிக் வண்ணத்தை எண்ணெய் அடுக்கின் மேல் போட்டதால்தான் திரள்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மெல்லிய அக்ரிலிக் அடிப்பூச்சின் மேல் எண்ணெய் வரலாம். எண்ணெயின் மேல் அக்ரிலிக் நிற்காது, பிறகு தோலாக உரிந்துவரும்.

## நிறம் சேறாகிவிடுகிறது

எந்த இடத்தில் சேறாகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

பாலெட்டிலேயே சேறாகிறது என்றால் பிரஷ்ஷையும் ஸ்பிரிட் ஜாடியையும் பாருங்கள். ஜாடியின் அடியில் படிந்த கசடைக் கலக்கிக்கொண்டே பிரஷ்ஷைக் கழுவினால் எல்லாக் கலவையிலும் அந்தக் கசடு சேரும். வெளிச்ச நிறங்களுக்கு ஒரு பிரஷ், இருட்டுக்கு ஒரு பிரஷ் என்று பிரித்துவிட்டாலே பாதி சேறு போய்விடும். அடுத்து, ஒரு கலவையில் எத்தனை டியூப் என்று எண்ணுங்கள். வெள்ளையைத் தவிர்த்து மூன்றுக்கு மேல் போனால் நிறம் செத்துப்போகும். டியூபின் மேலுள்ள நிறமிக் குறியீட்டையும் (பி.ஆர். 83 போன்றது) பாருங்கள். ஒரே டியூபுக்குள் மூன்று நிறமி இருந்தால் நீங்கள் இரண்டு டியூப் கலந்ததாக நினைப்பது உண்மையில் ஐந்தாறு நிறமிகளின் கலவை.

கேன்வாஸில் போட்ட பிறகு சேறாகிறது என்றால் அடியில் ஈரம் இருக்கிறது, அல்லது தேய்ப்பு அதிகம். ஈர வண்ணத்தின் மேல் வண்ணம் வைக்கும்போது இரண்டு மூன்று இழுப்போடு கையை எடுத்துவிட வேண்டும். சேறாகிவிட்ட இடத்தை மேலும் மேலும் திருத்தப் பார்க்காதீர்கள். கத்தியால் வழித்து எடுங்கள், கீழே நிற்கும் மங்கிய தடத்தின் மேல் புதிய கலவையை வைத்துவிட்டு நகருங்கள். அல்லது அப்படியே விட்டு, காய்ந்த பின் வாருங்கள். அடுக்கு முறையின் பெரிய வசதியே அதுதான்.

நிழலில் மட்டும் சேறு என்றால் எதைக் கொண்டு இருட்டாக்கினீர்கள் என்று பாருங்கள். மஞ்சள் பழத்தின் நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் பச்சை கிளம்பும். கறுப்புக்குப் பதிலாக ரா அம்பரோ பர்ன்ட் சியன்னாவோ சேர்த்து, பழம் வைத்திருக்கும் துணியின் நிறத்திலிருந்து ஒரு துளி எடுத்துக்கொண்டால் நிழல் பழத்துக்குச் சொந்தமாகிவிடும். நிழலில் வெள்ளை கலந்திருந்தாலும் அது சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். காய்ந்த பின் அதன்மேல் ஒளி ஊடுருவும் பழுப்பில் ஒரு மெல்லிய கிளேஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

## பொருள்கள் தட்டையாக, வெட்டி ஒட்டியதுபோல் இருக்கின்றன

இந்த ஒரு கோளாறுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுக்கத் தகும். வேதியியல் கோளாறுகளை விதியைப் பின்பற்றித் தவிர்த்துவிடலாம். இதைப் பார்க்கப் பழகித்தான் தீரவேண்டும்.

முதல் சோதனை, போனில் படத்தையும் மேஜையில் உள்ள பொருள்களையும் பக்கத்தில் பக்கத்தில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். பொருள்களின் படத்தில் இருக்கும் ஆழமான இருட்டு உங்கள் ஓவியத்தில் இல்லையென்றால் கோளாறு டோனில். நிறத்தில் அல்ல. கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் இதையே கண்டுபிடிக்கலாம். சுருக்கிய கண்ணுக்கு நிழலும் வெளிச்சமும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து தெரியவேண்டும். வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கிய இடம்கூட நிழல் பக்கத்தின் மிக வெளிச்சமான இடத்தைவிட வெளிச்சமாக இருக்கவேண்டும். நிழலுக்குள் வரும் பிரதிபலிப்பை அதிக வெளிச்சமாக வரைவதுதான் உருண்டைப் பழத்தைத் தட்டையாக்கும் முதல் காரணம். அதை ஒரு படி இருட்டாக்கிப் பாருங்கள், பழம் உடனே உருளும்.

இதைச் சரிசெய்யவேண்டிய இடம் அடிப்பூச்சு. சாம்பலிலோ பழுப்பிலோ டோன்கள் சரியாக விழும்வரை நிறத்துக்குப் போகாதீர்கள். நடு அடுக்குக்கு வந்த பிறகுதான் கவனித்தீர்கள் என்றால் காய்ந்த நிழல் பகுதி முழுவதையும் ஒரே இருண்ட, ஒளி ஊடுருவும் கிளேஸால் இணைத்துவிடலாம். மேல் அடுக்கு வரை வந்துவிட்டால் பின்னணியை மாற்றுவது சுலபம். பொருளின் வெளிச்சப் பக்கத்துக்குப் பின்னால் இருட்டும், நிழல் பக்கத்துக்குப் பின்னால் சற்று வெளிச்சமும் வந்தால் பொருள் முன்னால் வரும்.

டோன் சரியாக இருந்தும் ஒட்டுப்படம்போல் இருந்தால் ஓரங்களைப் பாருங்கள். எல்லா ஓரமும் ஒரே கூர்மையில் இருக்கும். எந்த ஓரத்தை முதலில் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்து, அதை மட்டும் கூர்மையாக வையுங்கள். நிழல் பக்கத்து ஓரங்களைப் பின்னணிக்குள் கரையவிடுங்கள். ஈரமாக இருந்தால் சுத்தமான காய்ந்த பிரஷ்ஷால் ஒரே ஒரு தடவை இழுத்தால் போதும். காய்ந்திருந்தால் பொருளின் நிறத்தையும் பின்னணி நிறத்தையும் அந்த ஓரத்தில் மெல்லியதாகப் புதிதாக வைத்து, பிறகு இழுங்கள்.

பொருள்கள் மேஜையில் உட்காராமல் மிதந்தால், பொருள் மேஜையைத் தொடும் அந்த ஒரு கோட்டில் நிழல் போதவில்லை. தொடும் இடத்தில் நிழல் மிக இருட்டு, ஓரம் கூர்மை. விலகிப் போகப்போக வெளிறி மென்மையாகும்.

டைட்டானியம் வெள்ளை ஹைலைட்டுக்கு மட்டும். கிண்ணத்தின் வெளிச்சப் பக்கம் முழுக்கச் சுத்த வெள்ளையைத் தீட்டிவிட்டால் கடைசியில் மினுக்கத்துக்கு வைக்க ஒன்றும் மிஞ்சாது.

## கிண்ணத்தின் வாய் கோணலாக இருக்கிறது

கண்ணாடியில் படத்தைத் திருப்பிப் பாருங்கள், கோணல் உடனே அகப்படும். டிரேசிங் தாளில் வாயின் வட்டத்தை நகலெடுத்து நடுவில் மடியுங்கள். இரு பாதியும் பொருந்தவேண்டும். நீள்வட்டத்தின் முனைகள் கூராக இருந்தால் அதுவும் பிழை, எவ்வளவு தட்டையான வட்டமானாலும் முனை வளைந்துதான் திரும்பும். அடிப்பாகத்தின் வளைவு வாயின் வளைவைவிடச் சற்று அதிகமாக இருக்கும், ஏனென்றால் அது கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது.

அடிப்பூச்சில் கண்டுபிடித்தால் துணியால் துடைத்துத் திருத்துங்கள், ஒரு நிமிட வேலை. தடிமனான அடுக்கில் கண்டுபிடித்தால் பழைய ஓரத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதை வரையுங்கள். பூசி மறைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. எண்ணெய் வண்ணம் வயதாக ஆக ஒளியை அதிகம் ஊடுருவவிடும். மறைத்த பழைய கோடு பல ஆண்டுகள் கழித்து மேலே எழுந்துவரும். பழைய ஓவியங்களில் ஓவியர் மனம் மாறித் திருத்திய கைகளும் குடங்களும் இன்று பேய்போல் தெரிவது இதனால்தான். தடித்த பிரஷ் தடத்தின் மேடும் எந்த நிறத்தாலும் மறையாது.

## அடுக்கு காய்வதற்குள் பழம் வாடிவிடுகிறது

அடுக்கு முறைக்கும் அழுகும் பொருள்களுக்கும் இடையில் எப்போதும் இருக்கும் தகராறு இது. முதல் நாளே ஒரு சின்ன அட்டையில் நிறக் குறிப்பு ஓவியம் ஒன்றை ஒரே அமர்வில் போட்டுவையுங்கள். பழம் போனாலும் நிறம் உங்களிடம் இருக்கும். போன் புகைப்படம் நிழலைக் கறுப்பாக்கிவிடும் என்பதால் நிறத்துக்கு அதை நம்பவேண்டாம், வடிவத்துக்கு மட்டும் போதும். பொருள்களின் இடத்தை மேஜையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். உங்கள் கால் நிற்கும் இடத்தையும் குறியுங்கள். பூவும் வெட்டிய பழமும் முதலில், குடமும் துணியும் பிறகு. ஜன்னல் வெளிச்சத்தில் வரைந்தால் தினமும் ஒரே நேரத்தில் மட்டும் உட்காருங்கள். அது முடியாதவர்களுக்கு ஒரு விளக்கு, அசைக்காமல்.

## கிளேஸ் திட்டாக விழுகிறது, அல்லது கீழ் அடுக்கையே கரைக்கிறது

கீழ் அடுக்கு கரைகிறது என்றால் அது காயவில்லை, அல்லது கிளேஸில் டர்பன்டைன் அதிகம். நகச் சோதனை செய்யுங்கள். காய்ந்திருந்தால் கிளேஸ் மீடியத்தில் கரைப்பானைக் குறைத்து எண்ணெயை வையுங்கள்.

திட்டாக, பால்போல் விழுகிறது என்றால் நிறம் தவறு. டியூபின் மேல் ஒரு சிறு சதுரம் இருக்கும்: காலியாக இருந்தால் ஒளி ஊடுருவும், முழுக்க நிரம்பியிருந்தால் ஊடுருவாது. அல்ட்ராமரின், விரிடியன், குவினாக்ரிடோன்கள், டிரான்ஸ்பரன்ட் ஆக்ஸைடு சிவப்பு கிளேஸுக்கு நல்லவை. கேட்மியம் நிறங்களும் டைட்டானியம் வெள்ளையும் கிளேஸுக்கு ஆகாது.

கிளேஸுக்குப் பிறகு படமே இருண்டுவிட்டதா? அது இயல்பு, ஒவ்வொரு கிளேஸும் கொஞ்சம் ஒளியைத் தின்னும். கிளேஸ் போடப்போகும் இடத்தைக் கீழ் அடுக்கில் ஒரு படி வெளிச்சமாக வரைந்துகொள்ளவேண்டும். ஈரமாக இருக்கும்போதே வெளிச்சப் பகுதிகளிலிருந்து துணியால் கிளேஸைத் துடைத்தும் எடுக்கலாம்.

## நிறம் வெளிறிவிட்டது, அல்லது படம் மஞ்சளாகிவிட்டது

வெளிறியது கிளேஸ் போட்ட இடம் என்றால் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பழைய அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர். 83, மெல்லிய பூச்சிலும் வெள்ளை கலந்த இடத்திலும் வெளிச்சத்தில் மங்கும். பி.ஆர். 177 அல்லது பி.வி. 19 உள்ள டியூபுக்கு மாறுங்கள். இது புதிய சிக்கல் அல்ல. 17ஆம் நூற்றாண்டு டச்சுப் பூ ஓவியங்கள் பலவற்றில் இலைகள் நீலமாக இருப்பது, நீலத்தோடு சேர்த்த மஞ்சள் லேக் நிறமி, அதாவது சாயத்திலிருந்து செய்த நிறமி, மங்கிப்போனதால். வான் கோ 1890இல் வரைந்த ரோஜாக்கள் இன்று வெள்ளையாகத் தெரிகின்றன. வரைந்தபோது அவை இளஞ்சிவப்பு.

மஞ்சளாகிவிட்ட படம் இருட்டில் கிடந்ததா என்று முதலில் கேளுங்கள். ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்துக்கு வந்ததும் பெருமளவு தெளியும். நேர்வெயில் படாத வெளிச்சமான அறையில் சில வாரம் மாட்டிவையுங்கள். தெளியாவிட்டால் எண்ணெய் மிகுதி, அல்லது டம்மர் என்ற மரப்பிசினில் செய்த பழைய வார்னிஷ். வார்னிஷைக் கழற்றுவது நிபுணரின் வேலை. கரைப்பான் வார்னிஷோடு நிற்காமல் கிளேஸையும் கொண்டுபோய்விடும்.

## மேற்பரப்பு சுருங்கிவிட்டது

தடிமனாக, எண்ணெய் மிகுந்து போட்ட இடத்தில் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே ஈரமாகவே இருக்கிறது. இதற்கு மேலே பூசித் தீர்வு இல்லை. உள்ளே ஈரமாக இருந்தால் இப்போதே வழித்து எடுங்கள். இறுகும்வரை விட்டுவிட்டால் மாதக்கணக்கில் காத்திருந்து கத்தியால் சீவி, நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப வரைய வேண்டியிருக்கும்.

## வார்னிஷ் போட்டதும் வெண்பனி படர்ந்ததுபோல் ஆகிறது

ஈரமான நாளில் பூசினால் வார்னிஷில் ஈரம் மாட்டிக்கொள்ளும். உலர்ந்த, மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள், மெல்லிய பனி போய்விடும். துடைத்தும் மீண்டும் மீண்டும் வெண்மை வந்தால் அது வண்ணத்துக்குள்ளிருந்து வெளிவருவதாக இருக்கலாம், அங்கே நிறுத்தி நிபுணரிடம் காட்டுங்கள். வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு காத்திருப்பது வழக்கம். காத்திருக்க முடியாத படத்துக்கு மெல்லிய ரீடச் வார்னிஷ், அதாவது தற்காலிக வார்னிஷ், போதும்.

## வெடிப்பு

வெடிப்பின் வடிவத்தைப் பாருங்கள், காரணத்தை அது சொல்லும்.

அகன்ற, ஓரம் மழுங்கிய வெடிப்புகள், உள்ளே கீழ் அடுக்கு தெரிகிறது: கீழ் அடுக்கு காயும் முன் மேலே வேகமாகக் காயும் அடுக்கு வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தார்போன்ற பிட்டுமினையும் மெழுகையும் பிசினையும் கலந்து சோதித்ததில் அவருடைய சில ஓவியங்கள் அவர் காலத்திலேயே வெடித்தன. வெடித்த பகுதி சிறியது, ஒட்டி நிற்கிறது, உங்கள் சொந்தப் படம் என்றால் முழுக்கக் காய்ந்த பின் வெடிப்புக்குள் மெல்லியதாக நிறம் நிரப்பிக்கொள்ளலாம்.

சட்டத்தின் ஓரத்துக்கு இணையாக நேர்க்கோட்டு வெடிப்பு: கேன்வாஸ் தொய்ந்து சட்டத்தில் உரசுகிறது. மூலை ஆப்புகளை மிக லேசாகத் தட்டி இறுக்கலாம், அதுவும் புதிய படத்தில் மட்டும். சிலந்தி வலைபோல் வட்ட வெடிப்பு: பின்னாலிருந்து ஏதோ இடித்திருக்கிறது. படத்தைச் சுவரில் சாய்க்கும்போது எது எங்கே அழுத்துகிறது என்று பாருங்கள்.

வெள்ளைப் பகுதி மட்டும் தகடாகக் கிளம்புகிறது: வெள்ளை டியூபில் பி.டபிள்யூ. 4 இருக்கிறதா என்று பாருங்கள். அது ஜிங்க், அதாவது துத்தநாகம். பெயரில் டைட்டானியம் என்றிருந்தாலும் உள்ளே ஜிங்க் கலந்திருப்பது சாதாரணம். ஜிங்க் படலம் இறுகி நொறுங்கும், அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பி.டபிள்யூ. 6, அதாவது டைட்டானியம், மட்டும் உள்ள வெள்ளைக்கு மாறுங்கள்.

நிபுணரை அழைக்கவேண்டிய எல்லை இது: வண்ணம் கூடாரம்போல் தூக்கி நிற்கிறது, செதிலாக உதிர்கிறது, துணி கிழிந்திருக்கிறது, பூஞ்சை பிடித்திருக்கிறது, தண்ணீர் பட்டிருக்கிறது, அல்லது படம் வேறொருவர் வரைந்த பழையது. இந்த நிலையில் துடைக்கவோ, பசை தடவவோ, உருளைக்கிழங்கும் ரொட்டியும் கொண்டு தேய்க்கவோ கூடாது. படத்தை முகம் மேலே பார்க்கத் தட்டையாகப் படுக்கவையுங்கள், உதிர்ந்த செதில்களை ஒரு சிறு காகித உறையில் சேர்த்துவையுங்கள், பல கோணங்களில் புகைப்படம் எடுங்கள்.

நிபுணர் முதலில் கேட்பது என்ன பொருள்களால் வரைந்தீர்கள் என்றுதான். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஜெஸ்ஸோ, எண்ணெய், மீடியம், வெள்ளை டியூபின் குறியீடு, ஒவ்வொரு அடுக்கும் போட்ட தேதி, வார்னிஷின் பெயர் ஆகியவற்றை நோட்டில் எழுதிவையுங்கள். பின்பக்கத்துச் சட்டக் கட்டையில் பென்சிலாலும் சுருக்கமாக எழுதலாம். துணியின் மேல் எழுதவேண்டாம், அழுத்தம் முன்பக்கத்து வண்ணத்தில் பதியும்.